எர்த் இருக்கா, ஓனர்?

தாம்பரம் பக்கம் வாடகைக்கு வீடு தேடும்போது நாம கேட்கிற கேள்விகள் எல்லாருக்கும் மனப்பாடம். அட்வான்ஸ் எவ்வளவு? போர் தண்ணியா, லாரித் தண்ணியா? பைக் நிறுத்த இடம் இருக்கா? பேச்சிலர்ஸுக்குக் கொடுப்பீங்களா? "எர்த் இருக்கா?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இ.இ.இ. படிக்கிற நாங்க நாலு பேரும் கேட்கல. அது ஒரு கேள்வின்னே அப்போ தெரியாது.

நாங்க இருக்கிறது முடிச்சூர்ல ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்துல அடையாறு கரை தாண்டி வந்தப்போ இந்தத் தெருக்கள்ல தண்ணி எவ்வளவு நின்னதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சுவத்துல கை வச்சுக் காட்டுவாங்க. வீட்டோட சேர்த்து ஓனர் ஒரு பழைய வாஷிங் மெஷினும் கொடுத்திருந்தார். தொட்டா லேசா சுர்ருனு இழுக்கும். சொன்னோம். "செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க தம்பி, ஒண்ணும் ஆகாது" என்றார். செருப்பு போட்டோம். ஒண்ணும் ஆகல. பழகிடுச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட்டோட அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க. நாங்க குவிச்சு வச்ச துணியைப் பார்த்துட்டு, சொல்லாம கொள்ளாம துவைக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஈரத் தரை, வெறுங்கால். ஒரு சத்தம் கேட்டு ஓடினா, சுவரோரம் உட்கார்ந்திருக்காங்க. கை மரத்துப் போய் அரை மணி நேரம் விரலை மடக்க முடியல. "எனக்கு ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிடுங்க" என்று வேற சொன்னாங்க.

மறுநாள் லேப்ல அனுமதி வாங்கி மெகரை எடுத்துட்டு வந்தோம். முதல்ல கண்ணால பார்த்தோம். மூணு பின் பிளக்கை எப்பவோ யாரோ வெட்டிட்டு ரெண்டு பின் மாட்டியிருக்காங்க. எர்த் வயர் டேப்புக்குள்ள அனாதையா கிடந்தது. மெகர்ல 500 வோல்ட் கொடுத்துப் பார்த்தா, வயருக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவுல 0.2 மெகாஓம். குறைஞ்சது 1 மெகாஓம் இருக்கணும். 230 வோல்ட்டை அதால வகுத்தா 1 மில்லிஆம்பியருக்குக் கொஞ்சம் மேல. நாங்க தினமும் வாங்கின 'சுர்ர்' அதுதான். மெஷின் காய்ஞ்சு இருந்தப்போ எடுத்த கணக்கு இது. உள்ளே தண்ணி கசிஞ்சா இன்சுலேஷன் இன்னும் இறங்கும்.

இந்த மாதிரி பிளக் போடுற சாமான்களைச் சோதிக்கிறது பிரிட்டன்ல தனி வேலை. 'பேட் டெஸ்ட்' என்பாங்க. ஆபீஸ், கடை, வாடகை வீடுன்னு போய் கெட்டில், இஸ்திரிப் பெட்டி எல்லாத்தையும் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. வருஷா வருஷம் பண்ணணும்னு அங்க சட்டத்துல இல்லை. வேலை செய்ற இடத்துல மின்சாதனம் ஆபத்தில்லாத நிலையில இருக்கணும்னுதான் 1989 விதிகள் சொல்லுது. வாடகை வீட்டு வயரிங்கை அதிகபட்சம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை சோதிக்கணும்னு இங்கிலாந்துல 2020-ல விதி வந்தது.

நம்ம ஊர்ல இஸ்திரிப் பெட்டி, கீசர், தண்ணி சூடாக்குற ராடு எல்லாம் ஐஎஸ்ஐ முத்திரையோடதான் விற்கணும். அது கடை வரைக்கும். அதுக்கப்புறம் பத்து வருஷம், ஒரு வெள்ளம், நாலு வாடகைக்காரங்களைப் பார்த்த பொருளை யார் திரும்பச் சோதிக்கிறா? 2022 நவம்பர்ல ஊரப்பாக்கத்துல, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டுக்குத் திரும்பி வந்த குடும்பத்துல, ஃபிரிட்ஜ் வெடிச்சுப் பரவின புகையில மூணு பேர் இறந்தாங்க. 2024 செப்டம்பர்ல மதுரை லேடீஸ் ஹாஸ்டல்லயும் ஃபிரிட்ஜ்தான் வெடிச்சது. அங்கயும் உயிர் போச்சு.

"ட்ரிப்பர் இருக்கே" என்று ஓனர் சொன்னார். அந்த எம்சிபி 16 ஆம்பியருக்கு மேல போனாத்தான் விழும். அது வயரைக் காப்பாத்தும். ஆளைக் கொல்ல அதுல நூத்துல ஒரு பங்கு கரண்ட்டே போதும். ஆளைக் காப்பாத்துறது ஆர்சிசிபி. போற கரண்ட்டும் திரும்புற கரண்ட்டும் 30 மில்லிஆம்பியர் வித்தியாசப்பட்டாலே கட் பண்ணிடும். இதை ரெண்டு வாரம் விடாம சொன்னோம். முதல்ல "பிடிக்கலைன்னா காலி பண்ணுங்க" என்றார். அந்த அம்மா விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் அண்ணனை வரவச்சு எர்த்தும் ஆர்சிசிபியும் போட்டோம். செலவு பாதிப் பாதி. மெஷின் காயலாங்கடைக்குப் போச்சு.

மெகர் எல்லார் கையிலயும் இருக்காது. கண்ணு இருக்கே! இன்னைக்கு உங்க ரூம்ல பாருங்க. வெட்டின பிளக், டேப் சுத்தின வயர், கருகின சாக்கெட் இருக்கா? 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தாங்குறது 1380 வாட். 1500 வாட் கெட்டில் ஒண்ணே அதுக்கு அதிகம். ஆர்சிசிபி இருந்தா, அதுல 'டி'ன்னு போட்ட பட்டனை அமுக்குங்க. டப்புனு விழணும். விழலைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. பட்டனே இல்லைன்னா, இந்த மாச வாடகை கொடுக்கும்போது பேச வேண்டிய விஷயம் கிடைச்சாச்சு.