பின்னால் ஷாக் வேண்டாம்

பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் மலைச் சைக்கிள் கேட்டால், கடைக்காரர் முதலில் தள்ளிக்கொண்டு வருவது முன்னும் பின்னும் ஷாக் வைத்த வண்டியைத்தான். "பின்னால ஷாக் இல்லாம மலையில எப்பிடி ஓட்டுவிய?" என்பார். விலையும் மலிவாகத்தான் இருக்கும். அந்த மலிவில் வருவது இரும்புக் கனமும் சீக்கிரமே ஆடத் தொடங்கும் இணைப்பும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும். கசவு முண்டு எடுக்கும்போது கரையை மட்டும் பார்த்தா வாங்குகிறோம்?

அதற்குப் பதில் ஹார்ட்டெயில் கேளுங்கள். ஹார்ட்டெயில் என்றால் முன்னால் மட்டும் ஷாக். அதுகூட இல்லாமல்தான் இந்த விளையாட்டே தொடங்கியது. 1976இல் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் கூட்டம் பழைய ஷ்வின் சைக்கிள்களில், தடித்த டயரை மட்டும் நம்பி 'ரீபேக்' பந்தயத்தில் மலையிறங்கியது. அவர்களைப் படுத்தியது குலுக்கல் அல்ல, பிரேக். பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் ஹப்பில் கிரீஸ் புகைந்து போகும். ராக்ஷாக்ஸின் முன் ஷாக் வந்தது 1989இல்தான்.

நம் மண்ணுக்கும் பிரேக்தான் முக்கியம். வெட்டுக்கல் சரளை, ரப்பர் தோட்டத்து வேர், இடவப்பாதி மழையில் வழுக்கும் செம்மண். ரிம் பிரேக்கில் அந்தச் சேறு ஒட்டினால் அரம்போல ரிம்மைத் தேய்க்கும். கேபிள் டிஸ்க் போதும். டயர் 2.1 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 2004க்குப் பிறகு தமிழ்நாட்டுப் பக்கம் நீர் வராத நெய்யாறு இடதுகரைக் கால்வாயின் மண்கரையில் ஓட்ட, சராசரி எடைக்காரருக்கு முப்பது பி.எஸ்.ஐ. காற்று தாராளம். கடைகளில் கல்லாக அடித்துத் தருவார்கள், இறக்கிவிடுங்கள்.

யாரும் பார்க்காத இடம் பின் ஹப். மலிவு வண்டியில் பற்சக்கரங்கள் ஃப்ரீவீலாக ஹப்பின்மேல் திருகப்பட்டிருக்கும். வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சில் அந்தப் பக்கம் தாங்கலில்லாமல் நீண்டு, பள்ளத்தில் விழுந்து எழுந்தால் வளையும். இன்னொரு வகையான கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்துக்கே வந்துவிடும். கண்டுபிடிக்க எளிது: பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சின்னப் பற்சக்கரத்துக்கு நடுவே சாவி போடும் வெட்டுகளைப் பாருங்கள். அவையும் சேர்ந்து சுழன்றால் கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். வெறும் தார்ரோட்டுக்கு ஃப்ரீவீல் பரவாயில்லை. வெள்ளறடை குரிசுமலைப் பக்கம் ஏறி இறங்க நினைப்பவர், கியர் எண்ணிக்கையில் ஏழெட்டைக் குறைத்துக்கொண்டாவது கேசட் வாங்கலாம். இருபத்தொரு கியர் என்று ஸ்டிக்கரில் இருப்பதில் பாதியை யாரும் தொடுவதே இல்லை.

ஃபிரேம் அளவு பிராண்டைவிட முக்கியம். இருகாலும் ஊன்றி நிற்கும்போது மேல்குழாய் இடிக்கிற வண்டியை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள். கடைசியாக, கடைக்காரரிடம் சக்கரக் கோட்டம் எடுக்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.