குறை தீர்க்கப்பட்டது

போன மாதம் ஒரு வாரம் முகநூல் பக்கம் ஆளையே காணோமே, உடம்பு சரியில்லையா டீச்சர் என்று இரண்டு மூன்று பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. எங்கள் வீட்டு இணையத்துக்குத்தான் உடம்பு சரியில்லாமல் போனது. அந்தக் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

மெதுவாக வருவது எங்களுக்குப் பழகிவிட்டது. 'நூறு எம்பிபிஎஸ் வரை' என்று சொல்லித்தான் இணைப்புக் கொடுத்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் பேரன் மாலை ஏழு மணிக்கு வீடியோவில் வருவான். வாயைத் திறந்தபடி அப்படியே சிலையாகிவிடுவான். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். என் வீட்டுக்காரர், "பையன் வளர்ந்துட்டான்னு பார்க்கணும்னா பஸ் ஏறித்தான் போகணும்" என்பார். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர்கள் சொல்வது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக நூறு எம்பிபிஎஸ் முழுசாக வந்தாலே நொடிக்கு 12.5 மெகாபைட்தான். சரி, அதுவாவது வருகிறதா என்றால், அந்த 'வரை' என்ற சொல் இருக்கிறதே, அது இரண்டுக்கும் இடம் கொடுக்கும், இருபதுக்கும் இடம் கொடுக்கும். 2023 ஜனவரியில்தான் அரசாங்கம் பிராட்பேண்ட் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேண்டும் என்று வரையறையை உயர்த்தியது. அதற்கு முன்னால் 512 கேபிபிஎஸ் இருந்தாலே போதும். ஆகவே சட்டப்படி நாங்கள் புகார் சொல்ல முடியாத அளவுக்கு நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது!

இதெல்லாம் பேசிச் சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாதது அந்த ஜூலை மாத வாரம்.

எதிர்வீட்டுப் பெண் ப்ளஸ் டூ முடித்திருந்தாள். அப்பா கயிறு ஆலையில் வேலை பார்க்கிறார். நல்ல மதிப்பெண். பொறியியல் கலந்தாய்வில் அவளுக்கான சுற்று செவ்வாய், புதன், வியாழன். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்று விருப்ப வரிசையை நாமே இணையத்தில் ஏற்ற வேண்டும். வியாழன் மாலை ஐந்து மணியோடு கதவு சாத்திவிடும். முதலில் பிரவுசிங் சென்டருக்குப் போவதாகத்தான் சொன்னாள். நான்தான், "எதுக்கு அங்கே போய் நிக்கிறே, நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல பெரிய திரையில நிதானமா பார்த்துப் போடலாம்" என்றேன். இந்த 'நான்தான்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கள் ராத்திரி எட்டரை மணிக்குத் தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்கள் தெருவில் நுழைந்தது. பட்டுக்கோட்டைப் பக்கத்து மட்டை லாரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வண்டி எவ்வளவு உயரமோ அதற்கு மேல் அவ்வளவு உயரம் பாரம் இருக்கும். கம்பத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்த ஒயரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. உள்ளே வந்து பார்த்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு.

உடனே போன் செய்தேன். தமிழுக்கு ஒன்றை அழுத்து, பழுதுக்கு மூன்றை அழுத்து, பாட்டுக் கேள். பத்து நிமிடம் கழித்து ஒரு பெண் குரல். "மேடம், ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." அம்மா, ஒயர் அறுந்து தெருவில் கிடக்கிறது என்றேன். "சரிங்க மேடம், ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." பண்ணினேன். அவளுக்குக் கொடுத்திருக்கும் காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கும். அவள் என்ன செய்வாள்? புகார் எண் கொடுத்தாள். நாளை பகல் பதினொரு மணிக்குள் சரியாகிவிடும் என்றாள்.

செவ்வாய் முழுக்க யாரும் வரவில்லை. புதன் காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' ஓடிப்போய்ப் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு. ஒருவேளை இப்போதுதான் சரி செய்கிறார்களோ என்னவோ என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி போன், மறுபடி பாட்டு. "அந்தப் புகார் முடிஞ்சிடுச்சு மேடம், புதுசா பதிவு பண்றேன்." இரண்டாவது எண். அதுவும் வியாழன் காலை பத்தே முக்காலுக்குத் 'தீர்க்கப்பட்டது'.

2018 நவம்பரில் கஜாப் புயல் அடித்தபோது எங்கள் ஊரில் கம்பங்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. மின்சாரம் வர எத்தனையோ நாள் ஆனது. யாருக்கும் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், சாலை மறியலே நடந்தது. ஆனால் விளக்கு எரியாத வீட்டைப் பார்த்து, 'உங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது' என்று யாரும் செய்தி அனுப்பவில்லை. இன்னும் பத்து நாள் ஆகும் என்றால் மெழுகுவத்தி வாங்கி வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமையே அந்தக் குரல், 'வெள்ளிக்கிழமைதான் ஆள் வருவார்' என்று சொல்லியிருந்தால் செவ்வாய் முதல் பஸ்ஸில் அந்தப் பெண்ணைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். உதவி மையத்தில் இலவசமாகவே போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

வியாழன் மத்தியானம் இரண்டரைக்கு இருவரும் கடைத்தெருவுக்கு ஓடினோம். பிரவுசிங் சென்டரில் எங்களைப் போலவே பதினைந்து பேர். வேறு வழியில்லாமல் எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் அப்பாவின் கைப்பேசியிலேயே ஆரம்பித்தோம். உள்ளங்கையளவு திரை. காகிதத்தில் வரிசையாக அறுபது எழுதி வைத்திருந்தோம். ஏழாவது போடும்போது பக்கம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது. "ஏழுலேருந்து பத்து வரைக்கும் விட்டுட்டு மேலே போ, கடைசியில் வந்து நடுவுல செருகிக்கலாம்" என்றேன். அதையும் நான்தான் சொன்னேன். இருபத்திரண்டு ஏற்றியபோது மணி ஐந்து. செருகவில்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்தது. திருச்சிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி. விடுதியில் தங்க வேண்டும். நாங்கள் விட்ட நான்கில் எட்டாவதாக இருந்த கல்லூரி, வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரக்கூடியது. அவள் வகுப்பில், இவளைவிடத் தரவரிசையில் பின்னால் இருந்த தோழிக்கு அதே கல்லூரியில் அதே பிரிவு கிடைத்திருக்கிறது. மேல்நோக்கி நகரும் வாய்ப்பு உண்டே என்று சிலர் கேட்பீர்கள். பட்டியலில் இருப்பதற்குத்தான் அது. இல்லாததற்கு ஏது?

"பரவாயில்லை பாட்டி, நல்ல காலேஜ்தான்" என்றாள் அவள். அவள் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. விடுதிக் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் என்னிடம் படித்துச் சொல்லச் சொன்னார். படித்துச் சொன்னேன். நண்பர்களே, முப்பத்தொரு வருடம் வகுப்பில் சத்தமாகப் படித்தவள். அந்த ஒரு தொகையைப் படிக்கக் குரல் வரவில்லை.

லைன்மேன் வெள்ளி மாலைதான் வந்தார். சின்னப் பையன், இருபத்தைந்து இருக்கும். வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது, என் பழைய மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள். அவர் ஒன்றும் பேசாமல் ஏணியைச் சாத்தி மேலே ஏறினார். இறங்கி வந்து தரையில் சாக்கை விரித்து ஒரு சின்ன இயந்திரத்தை வைத்தார். அறுந்த இழையின் இரண்டு முனைகளையும் சுத்தமாக வெட்டி எதிரெதிரே வைக்க, அது சூட்டில் இளக்கி ஒட்ட வைத்தது. கண்ணாடி இழை. மேலுறையை உரித்துவிட்டால் 125 மைக்ரான் தடிமன், அதாவது மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்கும் நடுவில் வெளிச்சம் ஓடுகிற பாதை ஒன்பது மைக்ரான்தானாம். கோபத்தை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கை நடுங்காமல் செய்தார். பெட்டியில் பச்சை விளக்கு வந்தது.

மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார். "எனக்கு உங்க புகார் வந்ததே இன்னைக்குக் காலையிலதான் டீச்சர். மூணு ஊருக்கு நாங்க ரெண்டு பேரு. இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள முடிக்கலைன்னா மேல கேள்வி வரும்னு ஆபீஸ்ல அவங்களே முடிச்சு விட்டுடுவாங்க. நீங்க திரும்பக் கூப்பிட்டா புது நம்பர் விழும். கணக்குல எல்லாம் ஒரே நாளில் முடிஞ்ச மாதிரி இருக்கும்."

பழுதுகளில் 90 விழுக்காட்டை அடுத்த வேலை நாளுக்குள்ளும், 99 விழுக்காட்டை மூன்று வேலை நாளுக்குள்ளும் சரிசெய்ய வேண்டும் என்று டிராய் 2006-லேயே தர விதி வகுத்தது. நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். பழுதை ஒரு நாளில் தீர்க்க ஆள் வேண்டும், ஏணி வேண்டும், பெட்ரோல் வேண்டும். புகாரை ஒரு நாளில் தீர்க்க ஒரு விரல் போதும்.

அவர் போன பிறகு அந்தச் செய்தியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 'தீர்க்கப்பட்டது.' அந்தச் சொல் எனக்குப் புதிதில்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ராத்திரி படுத்த பிறகுதான் பிடிபட்டது.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் குறைதீர் கற்பித்தல் என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை என்று கண்டுபிடி, தனியே உட்கார வைத்துச் சொல்லிக்கொடு, வந்துவிட்டதா என்று சோதித்துப் பார், பிறகு ஏட்டில் எழுது. அருமையான முறை. பணியில் சேர்ந்த பிறகு அதற்கென்று நான் ஓர் ஏடு வைத்திருந்தேன். பெயர், குறை, தேதி, கடைசிக் கட்டம். அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று தெரிந்தால் முதல்நாள் ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்புவேன். 'குறை தீர்ந்தது.' 'குறை தீர்ந்தது.' 'குறை தீர்ந்தது.' இரண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர், எழுபது பிள்ளைகள், அதற்கு நடுவில் கணக்கெடுப்பு, தேர்தல் வேலை. எனக்கும் என் காரணங்கள் இருந்தன. அந்தப் பெண் குரலுக்கும் அவள் ஆபீசுக்கும் இருப்பதைப் போல.

ஒரு பையனை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு. வகுத்தல் வரவே வராது. ஈவில் நடுவே பூச்சியம் வந்தால் அதை விட்டுவிடுவான். 612-ஐ 3-ஆல் வகுத்தால் 24 என்பான். இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். ஏட்டில் தீர்ந்துவிட்டது. தீர்ந்துவிட்டது என்று எழுதிய பிறகு அவனை மறுபடி கூப்பிட்டு உட்கார வைக்கவில்லை. அதுதான் இதில் இருக்கும் கெடுதல். எழுதாமல் விட்டிருந்தால் அந்தக் காலிக் கட்டம் என்னை உறுத்தியிருக்கும். அந்தப் பையனும் அவன் அப்பாவும் புகார் சொல்ல எந்த எண்ணும் கிடையாது. எத்தனை நட்சத்திரம் என்று அவர்களை யாரும் கேட்கவும் இல்லை.

சினிமாவாக இருந்தால் அந்தப் பையன்தான் லைன்மேனாக வந்து நின்றிருப்பான். வரவில்லை. அவன் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டான் என்பதுவரைதான் எனக்குத் தெரியும்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். வாடகையில் ஐந்து நாளைக் கழித்துத் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம், பொய்யாக முடித்த இரண்டு எண்களுக்கும் விளக்கம் எழுதித் தாருங்கள் என்றேன். அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, மறுபடி பாட்டுப் போட்டுவிட்டாள். இது பலருக்குத் தெரிவதில்லை, அதனால் எழுதுகிறேன்: புகார் மையத்தில் நியாயம் கிடைக்கவில்லை என்றால் அதே நிறுவனத்தில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும். 2012 விதி. கட்டணம் கிடையாது. புகார் எண்களைக் குறித்து வைத்திருங்கள், 'தீர்க்கப்பட்டது' செய்திகளை அழிக்காதீர்கள். சிவப்பு விளக்கைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம்.

எதிர்வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போய்விட்டாள். விடுதியில் இணையம் நன்றாக வருகிறதாம். நேற்று வீடியோவில் கூப்பிட்டாள், என் பக்கம்தான் சிலையாகி நின்றிருக்கிறது. முதல் வருடத்து விடுதிக் கட்டணத்தில் பாதியை நாங்கள் கொடுக்கிறோம் என்றோம். அவள் அப்பா முதலில் வாங்க மறுத்தார். பிறகு கடனாக என்றால் சரி என்றார். நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். எழுதவில்லை. இனி எதையும் நடக்கும் முன் எழுதுவதாக இல்லை.

மேல்முறையீடு போட்டு இன்றோடு 11 நாள். 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன். அதுவரை பெட்டியில் பச்சை விளக்கு இருந்தால்.