வட்டத்துக்குள் ஓர் ஆர்

சங்கரன்கோவில் ரத வீதியில் ஜெராக்ஸும் ஆன்லைன் வேலையும் செய்யும் சின்னக் கடை என்னுடையது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு கிடக்கும். யாருக்கு எந்த மெயில் திறக்கவில்லை, எந்தப் பிடிஎஃப் பிரிண்ட் ஆகவில்லை, கடைசியில் எது செய்தபோது சரியானது என்று அன்றன்றைக்கே எழுதி வைத்துவிடுவேன். அதிலிருந்து சில பக்கங்கள், கொஞ்சம் விரித்து.

*

"எல்லாம் போச்சு அண்ணாச்சி." படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். முக்கால்வாசி நேரம் எதுவும் போயிருக்காது. அதைக் கண்ணால் பார்க்கும்வரை அவர்களுக்கு மூச்சு சீராக வராது. அதனால் முதல் வேலை உட்காரச் சொல்வது, தண்ணீர் கொடுப்பது. போனைக் கையில் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

*

தறி வைத்திருப்பவர் ஒருவர். பதினைந்து நாளாக மெயிலே வரவில்லை. ஆடிட்டர் அனுப்பியது திரும்பிப் போய்விட்டது. பார்த்தால் 15 ஜிபி முட்டி நிற்கிறது. ஜிமெயிலுக்கென்று தனி அறை கிடையாது. மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அந்த 15 ஜிபிக்குள் கூட்டுக்குடித்தனம். 2021 ஜூன் 1-லிருந்து ஏற்றும் படமெல்லாம் இந்தக் கணக்கில் சேர்கிறது. பேத்தியின் காதுகுத்து வீடியோ மொத்தமும் அதற்குள் இருந்தது.

வீடியோக்களைப் பென்டிரைவில் இறக்கி, அது ஓடுகிறதா என்று அவர் கண்முன்னாலேயே போட்டுக் காட்டிவிட்டு, அப்புறம்தான் மேலே அழித்தேன். அழித்தால் மட்டும் இடம் விடாது. குப்பைத்தொட்டியையும் காலி செய்யவேண்டும். ஜிமெயில் தொட்டி 30 நாள் வைத்திருக்கும், போட்டோஸ் தொட்டி 60 நாள். திரும்பிப் போன மெயில்கள் தானாக வந்து சேராது. யார் யார் அனுப்பினார்களோ அவர்களிடம் மறுபடி கேட்டு வாங்கத்தான் வேண்டும். இதை அவரிடம் இரண்டு தடவை சொன்னேன்.

*

ஸ்பாம் பெட்டி. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதவேண்டும்.

வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளை, நேர்காணலுக்கு அழைப்பு வரவில்லையே என்று காத்திருந்தாள். அழைப்பு வந்து ஸ்பாமில் கிடந்தது. நாங்கள் திறந்து பார்த்தபோது நேர்காணல் தேதி முடிந்து நாலு நாள். ஸ்பாமில் விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அழைப்பு வந்ததே தெரியாமல் போயிருக்கும். அந்த விண்ணப்பத்தைப் போட்டது என் கடையில்தான். ஸ்பாமையும் பார் தாயி என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை. இப்போது விண்ணப்பம் போட வருகிற எல்லோருக்கும் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன்: வாரம் இரண்டு தடவை ஸ்பாம், எந்த அலுவலகத்திலிருந்து பதில் வரவேண்டுமோ அந்த முகவரியைத் தொடர்புகளில் சேர்.

*

தமிழ் மெயில் கோணல்மாணலாக வந்திருக்கிறது என்று யார் சொன்னாலும், திரையில் என்ன வடிவம் தெரிகிறது என்று முதலில் கேட்பேன். அதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கிறது. வேறு போனில் திறந்தால் முடிந்தது.

இரண்டாவது வகை பார்க்கப் பயமாக இருக்கும். ஆங்கிலச் சின்ன ஏ, அதன் தலையில் ஒரு சாய்கோடு. பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆர். மருந்து அட்டையில் கம்பெனிப் பெயரை ஒட்டி இருக்குமே, அதே வட்ட ஆர். பக்கம் பூரா இதுவே இறைந்து கிடக்கும். வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

இதன் கணக்கு தெரிந்த நாளில் எனக்குச் சந்தோஷம் தாளவில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறுவது. படிக்கிற மென்பொருள் இது யூடிஎஃப்-8 என்று தெரியாமல் பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்துப் படித்தால் 224 சாய்கோட்டு ஏ ஆகிவிடும், 174 வட்ட ஆர் ஆகிவிடும், 175 வெறும் மேல்கோடாகத் தெரியும். கொம்பு, கால் எதுவும் சேராத வெறும் 'க'கூட மூன்று துண்டாகத் திரையில் கிடக்கும். ஆகவே வட்ட ஆர் இறைந்து கிடந்தால் அது தமிழேதான். அநேகமாக ஒரு புள்ளிகூட உதிர்ந்திருக்காது. கணினியில் வைத்திருக்கும் மெயில் மென்பொருளில் எழுத்துக் குறியாக்கத்தை யூனிகோடுக்கு மாற்றினால் தமிழ் எழுந்து உட்காரும். எக்ஸலில் இப்படி வந்தால், கோப்பை இரண்டு தடவை தட்டித் திறக்காமல், டேட்டா பகுதி வழியாக உள்ளே இழுக்கவேண்டும். அப்போது கேட்கும் குறியாக்கப் பட்டியலில் 65001 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் முழுவதும் இப்படித்தான் ஒரு மாலையில் திரும்பக் கிடைத்தது. கையால் மறுபடி அடிக்க ஆள் பேசி வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாக வருவது. ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி: பாமினி எழுத்துருவில் இதுதான் 'தமிழ்'. யூனிகோடு பரவும் முன்பு, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்து எழுதிய காலத்தின் மிச்சம். ஆளுக்கொரு அட்டவணை வைத்திருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற இடங்களில் பழைய எழுத்துரு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இலங்கையிலிருந்து வரும் பழைய கோப்பு என்றால் நான் முதலில் பாமினியை வைத்துப் பார்ப்பேன். எழுத்துருவை மாற்றினால் படிக்கலாம். பிறருக்கு அனுப்பவேண்டும் என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்பவேண்டும்.

கடைசி வகை வரிசையாகக் கேள்விக்குறி. இதுதான் நிஜமான நஷ்டம். வழியில் ஏதோ ஒரு மென்பொருள் தனக்குத் தெரியாத எழுத்தை எறிந்துவிட்டு அந்த இடத்தில் கேள்விக்குறியை வைத்துவிட்டது. எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்ப வராது.

ஆனால் இங்கே போனது அங்கேயும் போயிருக்கவேண்டும் என்பதில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு மலேசியாவிலிருந்து தம்பி குடும்ப வரலாறு எழுதி அனுப்பியிருந்தார். தாத்தா கப்பலேறியதிலிருந்து ஆரம்பித்து ஆறு பக்கம். ஆறு பக்கமும் கேள்விக்குறி. நடுவில் யாரோ ஒருவரின் அலுவலக மெயில் வழியாகக் கைமாறி வந்திருக்கிறது. போன் போட்டு, தம்பியின் 'சென்ட்' பெட்டியில் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அங்கே முழுசாக இருந்தது. மெயிலின் உடம்பில் ஒட்டாமல் தனிக் கோப்பாக இணைத்து நேரே அனுப்பச் சொன்னோம். வந்ததும் வாத்தியார் பிரிண்டுக்குக் காத்திருக்கவில்லை. திரையிலேயே, நின்றபடி, முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

*

பிடிஎஃப்பில் 'கொடி' என்று கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் ஒற்றைக்கொம்பு 'க'வை விட்டுவிட்டு முன்னால் ஓடிப்போய் நிற்கிறது. கோப்பு கெட்டுவிட்டதாக நினைக்கவேண்டாம். 1993-இல் அடோபி பிடிஎஃப்பைக் கொண்டுவந்தபோது அதன் நோக்கம், எந்தக் கணினியில் திறந்தாலும் தாள் ஒரே மாதிரி தெரியவேண்டும் என்பது. எந்த வடிவம் தாளில் எந்த இடத்தில் என்பதே அதற்கு முக்கியம். யூனிகோடில் நாம் 'க' எழுதிவிட்டுக் கொம்பு சேர்க்கிறோம். தாளில் கொம்பு இடப்பக்கம் முதலில் நிற்கிறது. கண்ணில் தெரியும் வரிசையில் எடுத்தால் அப்படித்தான் வரும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் படத்திலிருந்து தமிழைப் படித்துக் கொடுக்கிறது. ற, ந, ன மூன்றையும் மட்டும் ஒரு தடவை கண்ணால் சரிபார்த்துவிட வேண்டும்.

பிரிண்டில் மட்டும் எழுத்து கலைந்தால்: அடோபி ரீடரில் பிரிண்ட், அதில் அட்வான்ஸ்ட், அதில் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்'. கொஞ்சம் மெதுவாக வரும். சரியாக வரும்.

*

ஆதார் பிடிஎஃப்பின் கடவுச்சொல். பெயரின் முதல் நான்கு எழுத்து, ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதோடு பிறந்த ஆண்டு. இது பலருக்கும் தெரியும். தெரிந்தும் திறக்காமல் வருகிறார்கள், காரணம் நம் ஊர் இனிஷியல். ஆதாரில் பெயர் பி.குமார் என்று இருந்தால் அந்த நான்கில் பி ஒன்று, புள்ளி ஒன்று, பிறகு கே, யு. புள்ளியையும் எண்ணவேண்டும். இடைவெளியை எண்ணக்கூடாது. ஜிமெயில் முகவரியிலோ கதை வேறு. அங்கே பெயருக்கு நடுவில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே முகவரிதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு வருகிறவர்களுக்காகக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

*

அரசாங்கச் சான்றிதழில் மஞ்சள் கேள்விக்குறி. "போலின்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க அண்ணாச்சி" என்று ஓர் அம்மா கண்ணில் நீர் முட்ட நின்றார். போலி இல்லை. கையெழுத்துப் போட்டது யார் என்று அந்தக் கணினிக்கு இன்னும் அறிமுகம் செய்யவில்லை, அவ்வளவுதான். கணினியில் அடோபி ரீடரில் திறந்து, அந்தக் குறியின் மேல் வலப்பக்கச் சொடுக்கு. கையெழுத்தின் விவரத்துக்குப் போய்ச் சான்றிதழைக் காட்டச் சொல்லி, அது அரசு அமைப்பு வழங்கியதுதானா என்று படித்துப் பார்த்துவிட்டு, நம்பத்தக்கது என்று சேர்த்து மறுபடி சரிபார்க்கச் சொன்னால் பச்சை டிக் வரும். படிக்காமல் சேர்க்கக் கூடாது. யார் போட்ட கையெழுத்தையும் நம்பு என்று சொன்னதாகிவிடும்.

அதைவிட முக்கியம் மூலக் கோப்பைக் காப்பது. ஸ்கிரீன்ஷாட் எடுத்ததிலும், பிடிஎஃப்பை மறுபடி பிடிஎஃப்பாகப் பிரிண்ட் போட்டதிலும் கையெழுத்தின் படம் மட்டும்தான் மிஞ்சும். 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அங்கீகரிக்கிற அந்த மின் கையெழுத்து இறக்கிய கோப்புக்குள்தான் இருக்கிறது. அந்த அம்மாவின் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துக் கொடுத்தேன்.

*

ஸ்கேன். ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480க்கு 3508 புள்ளி. 150-க்கு இறக்கினால் புள்ளிகள் பாதி ஆவதில்லை, கால்வாசி ஆகிவிடும். கலரை விட்டுக் கறுப்பு-சாம்பலுக்கு வந்தால் இன்னும் குறையும். மதிப்பெண் பட்டியலுக்கு இது போதும். கோப்பைச் சுருக்க ஏதோ ஒரு வெளித்தளத்தில் ஆதாரையும் பாஸ்புக்கையும் ஏற்றாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கனடா விசா படிவம் போனில் "காத்திருக்கவும்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரியோடு நின்றுவிட்டால் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் மாறாது. தரவிறக்கி, கணினியில் அடோபி ரீடரில் திறக்கவேண்டும்.

*

பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர், செவ்வாய்க்கிழமை வந்தார். மெயிலுக்குள் போக முடியவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டது. மீட்க முயன்றால் ஏதோ ஒரு நம்பருக்குக் குறியீடு போகிறது. அந்த நம்பர் யாருடையது என்றே அவருக்குத் தெரியவில்லை.

தோண்டித் தோண்டிக் கேட்டதில், எட்டு வருஷத்துக்கு முன் யாரோ ஓர் ஆள் அவசரத்துக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுத்திருக்கிறார், தன் நம்பரையே கொடுத்து. இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும்: அப்படிச் செய்யாதீர்கள். அந்த மெயிலில் அவருடைய இன்சூரன்ஸ் பத்திரங்கள் இருக்கின்றன, வங்கியின் தாள்கள் இருக்கின்றன, மகள் படிப்புக்குக் கட்டிய ரசீதுகள் இருக்கின்றன. ஒருவரின் வீட்டுச் சாவியை நம் இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்கு நமக்கு உரிமை கிடையாது. துண்டித்த செல் நம்பர் 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குப் போகலாம். இரண்டு வருஷம் புழங்காத கூகுள் கணக்கை 2023 டிசம்பரிலிருந்து அழித்தும் வருகிறார்கள்.

"கடைசியா எப்ப அண்ணாச்சி அதைத் திறந்தீங்க?"

"ஆடித்தபசுக்கு முந்தின வாரம். பழைய போன்ல பாத்தேன். இப்ப அது பரண்ல கெடக்கு."

போன ஆடிதானே, காலம் இருக்கிறது. வழக்கமாகப் புழங்கிய கருவியிலிருந்து, வழக்கமான இடத்திலிருந்து முயன்றால் மீட்க வாய்ப்பு அதிகம் என்று கூகுளே சொல்கிறது. அந்தப் போனில் கணக்கு இன்னும் திறந்தே இருக்கவும் கூடும். ரீசெட் மட்டும் போட்டுவிடாதீர்கள், யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இன்றைக்குக் காலையில், முகூர்த்த நாள் வியாபாரத்தையும் தம்பியிடம் விட்டுவிட்டு, மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். பழைய சார்ஜர் முனை. மேசைக்கு அடியில் தேடி எடுத்து மாட்டினேன். பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் சிவப்பாக ஒரு கோடு. மூன்று சதவீதம். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். டீ சொல்லியிருக்கிறேன்.