போனஸ் பணமும் ஒரு கேமிங் கம்ப்யூட்டரும்

பொதிகை எக்ஸ்பிரஸ் சிவகாசியில் நின்றபோது இன்னும் விடியவில்லை. பைக்கோடு காத்திருந்த பெரியம்மா மகன், 'வாக்கா' என்றுகூடச் சொல்லவில்லை. “அக்கா, அசெம்பிள் பண்ணலாமா, பிராண்டட் வாங்கலாமா?” என்றான்.

பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பெரியப்பா, தீபாவளி போனஸோடு பெரியம்மாவின் சீட்டுப் பணத்தையும் சேர்த்து 50,000 ரூபாய் ஒதுக்கியிருந்தார். தம்பி காலேஜில் புராஜெக்ட் செய்யணும். அவன் ஆசைக்கு கேமும் ஆடணும். வாங்கியது சரியில்லை என்றால் அடுத்த தீபாவளி வரை வீட்டில் வாய் திறக்க முடியாது.

முதலில் விருதுநகருக்கு பஸ் ஏறினோம். திருத்தங்கல், ஆமத்தூர் என்று வழியெல்லாம் வெயிலில் வெளுத்த பட்டாசுக்கடை போர்டுகள். ஷோரூமில் காட்டிய கம்ப்யூட்டர் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரே பில், ஒரே வாரன்ட்டி, ஒரிஜினல் விண்டோஸ், ரிப்பேர் என்றால் வீட்டுக்கே ஆள் வரும். வேலைக்கு மட்டும் என்றால் நானே அதைத்தான் வாங்கச் சொல்லியிருப்பேன்.

ஆனால், 8 ஜி.பி. ராம், அதுவும் ஒரே குச்சி. கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பின்னால் போடலாமா என்று பவர் சப்ளையைப் பார்த்தால் 180 வாட். ஆர்.எக்ஸ். 6600 மாதிரி ஒரு நடுத்தர கார்டே தனியாக 132 வாட் கேட்கும். பவர் சப்ளையை மாற்றலாம் என்றால், இந்தப் பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டு பின்னே வேறு மாதிரி; கடையில் கிடைக்கிற சாதாரண பவர் சப்ளை பொருந்தாது.

யோசிக்க எண்ணெய் பரோட்டாக் கடைக்குப் போனோம். பொரித்த பரோட்டாவை சால்னாவில் நொறுக்கிப் போட்டபிறகு யாருக்கு யோசனை வரும்? இரண்டு செட் உள்ளே போனதுதான் மிச்சம்.

சாயங்காலம் பெரியப்பாவிடம் சொன்னதும் சிரித்தார். “நம்ம ஊருல எவன்யா கிப்ட் பாக்ஸ் வாங்குவான்? அது வெளியூருக்கு. நமக்கு வேணுங்கறத மட்டும் எடுத்துக்கிட வேண்டியதுதான.”

நான் சென்னையிலிருந்து வருகிறேன் என்பதால் தம்பிக்கு ரிச்சி ஸ்ட்ரீட் ஆசை. விலை கொஞ்சம் குறையலாம்தான். அசெம்பிள் செய்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரன்ட்டி. மதர்போர்டு மண்டையைப் போட்டால் அதைத் தூக்கிக்கொண்டு ராத்திரி ரயில் ஏறுவது யார்? சிவகாசி காலண்டரும் லேபிளும் அடிக்கிற ஊர். டிசைன் கம்ப்யூட்டர்களைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். உள்ளூர்க் கடையிலேயே கொட்டேஷன் வாங்கினோம்.

அங்கே ஓர் அதிர்ச்சி. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் போவதால் 2025 கடைசியில் ராம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. தீபாவளிக்கு முன் தம்பி எழுதி வைத்த பட்ஜெட் செல்லாக்காசு. கிராபிக்ஸ் கார்டை அடித்தோம். அவன் முகம் சுருங்கியது.

பதிலாக ரைசன் 5 5600ஜி. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசஸர், 6 கோர். ராம் 16 ஜி.பி., இரண்டு எட்டாக. இந்த மாதிரி பிராசஸருக்குத் தனி கிராபிக்ஸ் மெமரி இல்லை, ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு குச்சி போட்டால் கேம் வேகம் நன்றாகவே கூடும். செட்டிங்ஸைக் குறைத்து வைத்தால் வாலரண்ட் தாராளமாக ஓடும். பவர் சப்ளையில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை: கேபினட்டோடு இலவசமாக வருவது வேண்டாம், 80 பிளஸ் முத்திரையோடு 550 வாட். கார்டு அடுத்த போனஸில். வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பணம் பார்க்கும் வீட்டுக்கு இந்த வசதியைப் பிராண்டட் பெட்டி தராது.

மாட்டுப்பொங்கலன்று கூடத்தில் பாகங்களைப் பரப்பினோம். “மொதல்ல இரும்பத் தொடு. உடம்புல இருக்கற ஸ்டாட்டிக் கரன்ட்ல போர்டு போயிரும்” என்று நான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்.

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். “ஷெட்டுக்குள்ள நொழையுமுன்னாடி நாங்க செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தாம்மா போவோம். அதே கரன்ட்டுதான். அங்க போனா போர்டோட போகாது.”

யாரும் ஒன்றும் பேசவில்லை. தம்பி கேபினட்டைத் தொட்டுவிட்டு மதர்போர்டை எடுத்தான்.

முதல் தடவை ஸ்கிரீன் வரவில்லை. ராமைக் கழற்றி, 'டக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினோம். ஃபேன் சுற்றியது, ஸ்கிரீன் வெளுத்தது. பெரியம்மா, “கரன்ட் பில்லு எவ்வளவு வரும்?” என்றார்.