கண்ணாடியில் தோன்றிய பேய்

பள்ளி ஆண்டு விழாவில் 'பேய் வீடு' அமைக்க மாணவர்கள் விரும்பினர். மேற்பார்வை என் பொறுப்பாயிற்று. 1862இல் இலண்டனில் பெப்பர் என்பார் மேடையில் ஆவியைத் தோற்றுவித்த உத்தியையே நாங்களும் கையாண்டோம். இருட்டறையின் குறுக்கே, ரசம் பூசாத பெரிய கண்ணாடியை 45 பாகைக் கோணத்தில் நிறுத்தினோம். பக்கத்து மறைவில் வெள்ளாடை போர்த்திய மாணவன் ஒருவன். அவன்மீது விளக்கொளி பட்டதும் கண்ணாடிக்கு அப்பால் வெற்றிடத்தில் ஓர் உருவம் மிதந்தது, விளக்கணைந்ததும் மறைந்தது. பெரியவர்களே திடுக்கிட்டனர். எனக்கும் பெருமிதமே.

அப்போது முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன் நடுங்கியவாறு வந்து என் ஜுப்பாவைப் பற்றிக்கொண்டான்.

"ஹஜ்ரத், அது ஜின்னா?"

என் சிரிப்பு அடங்கியது. அவனை மறைவிடத்துக்கு அழைத்துச் சென்று, விளக்கின் விசையை அவன் கையிலேயே கொடுத்தேன். போட்டான், அணைத்தான், மீண்டும் போட்டான். பொருளின் ஒளி கண்ணை வந்தடைவதே பார்வை என ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னுல் ஹைதம் விளக்கிய உண்மை, அவன் விரல் நுனியில் விளங்கிற்று. அழுத முகத்தில் சிரிப்பு வந்தது.

எனக்கோ வேறொன்று உறுத்தியது. மக்தபில் ஓதவரும் பிள்ளைகளை அடக்க, "புளியமரத்தில் ஜின் இருக்கிறது" என்று பல்லாண்டு மிரட்டியவன் நான். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கேனும் விளக்கின் விசையை நான் காட்டியதில்லை.