உள்மூலை

கோவையிலிருந்து பெட்டிக்குள் வேட்டி துண்டுகளால் சுற்றிக் கொண்டுவந்த கிரைண்டர் போன மார்கழியில் நின்றுபோனது. மோட்டார் ஓடியது, கல் சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தேன். தண்டின் சதுர முனையைக் கவ்வும் பிளாஸ்டிக் துண்டில், 10 மி.மீ. சதுரத் துளை வட்டமாகத் தேய்ந்திருந்தது. மிசிசாகாவில் நான் விசாரித்த கடைகளில் உதிரி இல்லை.

கராஜில் சின்னதாக ஒரு மில்லிங் மெஷின் வைத்திருக்கிறேன். பகலெல்லாம் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு, செய்த பொருள் கையில் கனக்க வேண்டும் என்று தோன்றிய வயதில் வாங்கியது. அலுமினியத்தில் நானே செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

அங்கேதான் மூலை வந்து நின்றது. வெட்டும் கத்தி சுழல்கிறது, சுழல்வது வட்டம். 4 மி.மீ. கத்தி எவ்வளவு பதமாகப் போனாலும் மூலையில் 2 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுவிட்டுத்தான் திரும்பும். தண்டின் கூர்முனை அந்த வளைவில் முட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. 2 மி.மீ. கத்தி போட்டேன். ஆழம் 12 மி.மீ., அதாவது கத்தியின் தடிமனைப்போல் ஆறு மடங்கு. முதல் கத்தி முதல் மூலையில் முறிந்தது, அடுத்தது அடுத்த மூலையில். மின்பொறி பாய்ச்சிக் கம்பியால் அறுக்கும் பட்டறை ஒன்றில் விலை கேட்டேன். அந்தக் காசுக்குப் புதுக் கிரைண்டரே வாங்கலாம். தவிர, கால் மில்லிமீட்டர் கம்பியும் உருண்டைதானே!

இரவு ஒன்பதுக்கு அப்பாவை அழைத்தேன். கோவை கணபதியில் காலை ஏழரை. அப்பா பிட்டர். பகலில் பம்ப் கம்பெனி, சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் சொந்தப் பட்டறை. அதன் வாசலைத் தாண்ட என்னை விட்டதில்லை. "இங்கென்ன வேல? போய்ப் படி சாமி." அரத்தைத் தொட்டால் அடி விழும். படித்தேன், விமானம் ஏறினேன். மெஷின் வாங்கி இரண்டு வருஷமாகியும் அவரிடம் மூச்சு விடவில்லை.

அன்றைக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"எத்தனைக்கு வாங்குனே?"

பாதி விலை சொன்னேன்.

துளையைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் சாமி அலமாரியின் இரும்புத் துண்டு. 1974ல் ஐ.டி.ஐ. தேர்வுக்காக அரத்தால் ராவியே அவர் செய்தது. சதுரத் துளைக்குள் சதுரக் கட்டை. எப்படித் திருப்பிச் செருகினாலும் உட்கார வேண்டும். விளிம்பின் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. ஆயுத பூஜைதோறும் அம்மா அதற்குச் சந்தனம் வைப்பாள். மூலைகள் கத்திபோலக் கூரானவை என்றே நினைத்திருந்தேன்.

கட்டையைத் தள்ளி எடுத்துவிட்டு ஊக்கால் மூலையைக் குத்தினார். காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. உள்ளே சின்ன வட்டத் துளை. நான்கு மூலையிலும்.

"பொறந்ததுலேர்ந்து பாக்கறே. இதப் பாத்ததில்லியா?"

இல்லை.

"தண்டு தள்றது செவுத்த. மூலைல அதுக்கு எடம் குடுத்தாப் போதும். மொதல்ல மூலைக்கு மூல 3 எம்.எம். தொள போடு, அப்புறம் நடுவ எடு. நடுவ மொதல்ல எடுத்தீன்னா ட்ரில்லு வழுக்கிட்டு ஓடிரும். மிச்சத்த அரத்துல ராவு. ஒரு பக்கம் பல்லில்லாத அரமா எடு, இல்லீன்னா பக்கத்துச் செவுத்தயும் தின்னுரும்."

கூரான உள்மூலை, விரிசல் தொடங்குகிற இடமும்கூட. 1954ல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதைந்ததை ஆராய்ந்தவர்கள், திறப்புகளின் மூலையருகே அழுத்தம் குவிவதைக் கண்டார்கள். படித்திருக்கிறேன். என் மேஜைக்கு வந்தபோது நினைவுக்கு வரவில்லை.

துளை போட அரைமணி நேரம், ராவ இரண்டு இரவுகள். போனை வைஸுக்கு எதிரே சாய்த்து வைத்திருந்தேன். காபி குடித்தபடி பார்த்தார். "தள்றப்ப மட்டும் அழுத்து. இழுக்கறப்ப எதுக்கு அரத்தத் தேய்க்கறே?" தன் கையை நீட்டிக் காட்டப் பார்த்தார். கை நடுங்கியது, மடக்கிக்கொண்டார்.

மூன்றாம் இரவு தண்டு இறங்கியது. கழற்றி, கட்டை ஒன்றைச் செருகி விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினேன்.

"எடது பக்கம் வெளிச்சம் தெரியுது."

"மாவுக்கு இது போதாதுங்களாப்பா?"

"மாவுக்குப் போதும்" என்றார். பிறகு, "பிசிறு எடுத்தியா? கையக் கிழிச்சிரும்."

எடுத்துட்டேனுங்க என்றேன், கட்டுப் போட்ட விரலைக் கேமராவுக்குக் கீழே வைத்துக்கொண்டு.