காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவே

மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளம் மூன்று பக்கம் பிரிகிறது. வடக்கே போனால் கடம்பூர், கோவில்பட்டி தாண்டி மதுரை. தெற்கே திருநெல்வேலி. கிழக்கே தூத்துக்குடி, அதோடு கடல். இப்படியொரு ஜங்ஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டும் சுற்றுவட்டாரக் கரிசல் சம்சாரிகளில் பலர் ரயில் ஏறியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, கேதத்துக்கு, நேர்த்திக்கடனுக்கு. சும்மா ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருவோம் என்று ஏறியவர்கள் குறைவு.

கேட்டால் காசில்லை என்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியில் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, தொழுவில் நிற்கும் மாடு. காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் பால் பீச்ச வேண்டும். சொசைட்டிக்காரர் கேனை மூடுவதற்குள் கொண்டுபோய் ஊற்ற வேண்டும். இன்னொன்று, 'சோலி இல்லாம ஊர் சுத்துறான்' என்ற பேச்சு. மானாவாரிக்காரனுக்கு மாசி, பங்குனியில் வெள்ளாமை வீடு வந்துவிட்டால் புரட்டாசி விதைப்புவரை காட்டில் வேலை குறைவுதான். கோடை உழவும் கிடை போடுவதும் தவிர்த்தால் நாள் கிடக்கிறது. அந்த நாட்களை டீக்கடைப் பெஞ்சில் கழித்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெண்டாட்டியோடு ரயிலேறினால் மட்டும் பேச்சு வருகிறது.

ஜங்ஷனுக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சம்சாரி வீடு. நாலு ஏக்கர் கரிசல், உளுந்தும் மக்காச்சோளமும், தொழுவில் இரண்டு கறவை மாடு. மகன் வெளியூரில் மில் வேலையில் இருக்கிறான். அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. தூத்துக்குடியை அவர் அறிந்ததெல்லாம் ஓர் ஆஸ்பத்திரி வார்டாகத்தான். மாமியாரை அங்கே சேர்த்திருந்தபோது பதினெட்டு நாள் கூடவே கிடந்தார். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தலை தூக்கிப் பார்க்கவில்லை.

மழை ஏமாற்றிய ஒரு வருஷம். மக்காச்சோளத்தைப் படைப்புழுவும் தின்று, போட்ட காசு வரவில்லை. ஆனி மாதக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டிருந்த ஒரு நாள் வீட்டுக்காரர்தான் கேட்டார், "ஒரு நாளைக்குக் கடலைப் பாத்துட்டு வருவமா?" அந்த அம்மா செலவைப் பற்றிக் கேட்கவில்லை. "பால் யாரு பீச்சுவா?" என்றார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் திட்டம் பிறந்தது. காலைப் பாலை ஊற்றிவிட்டுக் கிளம்பி, மாலைப் பாலுக்குத் திரும்பிவிட வேண்டும். நடுவில் கிடைப்பது எட்டு மணி நேரம். அதற்குள் போய்வரக்கூடிய இடம் எதுவோ அதுவே அவர்களுக்கு உல்லாசப் பயணம். மத்தியானம் மாட்டுக்குத் தண்ணி காட்டவும் சோளத்தட்டை உருவிப் போடவும் பக்கத்து வீட்டு மதினி ஒத்துக்கொண்டார். பதிலுக்கு அவர் போகும் நாளில் இவர்கள் பார்க்க வேண்டும். இந்த மாற்றுமுறை ஒரு தெருவில் நாலு வீட்டுக்குள் அமைந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி சுமார் 30 கிலோமீட்டர். பாசஞ்சர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய். இரண்டு பேருக்குப் போக 20, வர 20. தூக்குவாளியில் புளிச்சோறு, பாட்டிலில் தண்ணீர். ஸ்டேஷனில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் நடந்தே போகலாம். வழியில் கிரேட் காட்டன் ரோடு. கரிசல்காட்டுப் பருத்தி இந்த ஊர்த் துறைமுகத்துக்கு வந்து சீமைக்குக் கப்பலேறிய காலத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் தெரு அது. பருத்தி போட்டவர்களின் பேரன் பேத்திகள் அதில் ஒரு தரமாவது நடக்க வேண்டும். இந்த ஊரில்தான் வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்றார். கடற்கரைச் சாலையில் பனிமய மாதா கோயில். எந்த மதத்தாரும் உள்ளே போய் உட்காரலாம். ஆகஸ்ட் 5 திருநாளை ஒட்டிக் கூட்டம் நெருக்கும், அமைதி வேண்டுவோர் வேறு நாள் பார்த்துக்கொள்வது நல்லது.

கடலைப் பார்த்ததும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டுச் சொன்னார், "இம்புட்டுத் தண்ணியும் ஒரு உளுந்தஞ்செடிக்கு ஆகாதாக்கும்!" வேறு யாரும் கடலை அப்படிப் பார்க்க மாட்டார்கள். தூத்துக்குடியைச் சுற்றியுள்ள உப்பளங்களைப் பார்த்தபோதும் அதே கண்தான். பாத்தி கட்டுவது, தண்ணி பாய்ச்சுவது, வாருவது, அம்பாரம் குவிப்பது எல்லாம் வெள்ளாமைக்காரன் வேலை போலவே இருக்கிறது. ஆனால் சம்சாரி எந்த மழைக்காக வானத்தைப் பார்க்கிறானோ அந்த மழை பெய்தால் உப்பளத்துக்காரனுக்கு நட்டம். இதைச் சொல்லிச் சொல்லி அவர் ரயிலில் சிரித்துக்கொண்டே வந்தார். கையில் கால் கிலோ மக்ரூன். மாலைப் பால் தவறவில்லை.

டிக்கெட் விஷயத்தில் ஒரு சங்கதி தெரிந்திருக்க வேண்டும. ஒரே தண்டவாளத்தில் பாசஞ்சரும் போகிறது, எக்ஸ்பிரஸும் போகிறது. எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாப் பெட்டிக்கே குறைந்தது 30 ரூபாய். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறினால் பரிசோதகர் குறைந்தது 250 ரூபாய் அபராதம் போடுவார். அந்த ஒரு நாள் அவமானத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் மறுபடி ஊர் பார்க்கவே கிளம்பாது. அதனால் கவுண்டரில் ஊர்ப் பெயரோடு எந்த வண்டி என்பதையும் சொல்லிக் கேட்க வேண்டும். முன்பதிவில்லா டிக்கெட்டைக் காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் ஏறலாம் என்பதும் நடக்காது. இந்தத் தூரத்துக்கு வாங்கிய 3 மணி நேரத்துக்குள் கிளம்ப வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. ரயில் நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு, திரும்பும் வண்டியையும் சேர்த்துக் குறித்துக்கொள்வதுதான் பத்திரம். போகும் வண்டியை மட்டும் கேட்டுவிட்டுப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பஸ்ஸென்றால் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மொபசல் பஸ்ஸுக்கு இது பொருந்தாது. நூறு நாள் வேலையில் ஒன்றாக இருக்கும் பத்துப் பெண்கள் சேர்ந்தால், டவுன் பஸ் போகும் தூரமெல்லாம் செலவே இல்லாமல் பார்த்துவரலாம். ஆண் துணை வேண்டும் என்று காத்திருப்பவர்கள் அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்க்கலாம்.

மணியாச்சி பிளாட்பாரமே பார்க்க வேண்டிய இடம்தான். 1911 ஜூன் 17, ஆனி மாதத் தொடக்கம். கொடைக்கானலுக்குப் புறப்பட்ட கலெக்டர் ஆஷும் அவர் மனைவியும் இருந்த பெட்டி, தூத்துக்குடியிலிருந்து வர வேண்டிய போட் மெயிலுக்காக இங்கே காத்து நின்றது. அப்போது இலங்கைக் கப்பல் தூத்துக்குடியிலிருந்துதான் போய்வந்துகொண்டிருந்தது. செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் அந்தச் சில நிமிஷக் காத்திருப்பில்தான் பெட்டியில் ஏறி ஆஷைச் சுட்டார். தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். இதனால்தான் ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் வாஞ்சி மணியாச்சி என்று இருக்கிறது. தினம் அந்தப் பலகைக்குக் கீழே நின்று கடலை மிட்டாய் தின்கிற பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சொன்னால் நல்லது.

வடக்கே போகும் வண்டியில் கடம்பூரில் போளி வாங்கித் தின்றுகொண்டே கோவில்பட்டி போய் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கழுகுமலை. முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர் மலைமேல் ஏறாமலே திரும்பிவிடுகிறார்கள். அது நட்டம். மேலே வெட்டுவான் கோவில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. கல்லை அடுக்கிக் கட்டியதல்ல, ஒரே பாறையை மேலேயிருந்து கீழாகக் குடைந்து இறங்கியிருக்கிறார்கள். கிணறு வெட்டிய கைகளுக்கு இது சட்டென்று புரியும். கிணற்றில் மண்ணும் கல்லும் வெளியே போகும், குழிதான் மிஞ்சும். இங்கே சுற்றிலும் கல்லை வெளியே எடுத்து நடுவில் கோவிலை மிச்சம் வைத்திருக்கிறார்கள். உச்சியில் சிற்பமெல்லாம் முடிந்திருக்கிறது, அடிப்பாகம் முடியவில்லை. பாதி வெட்டி நின்றுபோன கிணறு இல்லாத ஊர் கரிசலில் ஏது? அதனால் அந்த முடியாத அடிப்பாகத்தின் முன்னால்தான் சம்சாரிகள் அதிக நேரம் நிற்கிறார்கள். பக்கத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்தில், செய்து கொடுத்தவர்களின் பெயர்கள். வெயில் ஏறுமுன் மலையேறிவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் பாறை சுடும்.

எட்டயபுரம் இதைவிடச் சுலபம். பாரதி பிறந்த வீடு, கல்கியின் முயற்சியில் மக்கள் நன்கொடையில் எழுந்து 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபம், சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமான இடம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி எல்லாம் ஒரே ஊருக்குள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் முதலில் போக வேண்டியது இங்கேதான்.

காரணமில்லாமல் போகக் கூச்சப்படுகிறவர்களுக்கும் வழி உண்டு. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. 'கே' எழுத்தோடு வரும் பருத்தி, சோள ரகங்கள் இங்கே உருவானவை. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு புரட்டாசி விதைப்புக்கு முன் ஒரு நடை போனால் ஊர்வாய்க்கும் பதில் சொல்லியாயிற்று. வேளாண்மைத் துறையின் அட்மா திட்டத்தில் விவசாயிகளைப் பட்டறிவுப் பயணம் கூட்டிப்போகிறார்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் பெயர் கொடுத்து வைக்கலாம். பெண் விவசாயிகளுக்கும் அதில் இடம் உண்டு. பட்டா வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் பெரும்பாலும் அவர் பெயரே போகிறது. களை எடுத்தவர் வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் இந்தத் தடவை அம்மாவின் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

தெற்கே திருநெல்வேலி போய் அங்கிருந்து திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், அதன்பின் 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீயும் தோண்டிப் பார்த்த முதுமக்கள் தாழிக்காடு. தாழிகள் கிடந்த குழியை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டு, அதன்மேல் நின்று பார்க்கும்படி 2023இல் அமைத்திருக்கிறார்கள். ரீ எடுத்தவற்றில் வெண்கலமும் இரும்பும் தங்கப் பட்டமும் இருந்ததை எல்லாரும் சொல்வார்கள். சின்னப் பானைகளில் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததையும் அவர் எழுதியிருக்கிறார். செத்தவர்களுக்குத் தானியம் வைத்து அனுப்பிய ஊர். போகுமுன் வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலம் பார்த்துப் போக வேண்டியதும் முக்கியம். அக்னி நட்சத்திரத்தில் பாறையும் கடற்கரையும் ஆகாது. கார்த்திகை, மார்கழியில் தாமிரபரணிப் பக்கம் போகிறவர்கள் வானிலை அறிவிப்பைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18இல் கொட்டிய மழையில் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். காட்டில் பயிர் நிற்கும் மாதங்கள் அவை. சம்சாரிக்கு எப்படியும் கிளம்ப நேரம் இருக்காது.

அந்த வீட்டில் இப்போது அடுத்த பேச்சு குற்றாலம். ஆனி, ஆடிச் சாரலில்தான் அருவி நன்றாக விழும். திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு ரயில் இருக்கிறது, அம்பாசமுத்திரம் பக்கம் வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் இதை எட்டு மணி நேரத்துக்குள் அடக்க முடியாது. ஒரு மாலைப் பாலும் ஒரு காலைப் பாலும் தவறும். மதினிக்கு மடி காட்ட ஒரு மாடு சம்மதிக்கிறது, இன்னொன்று உதைக்கிறது. அதனால் வைகாசியிலிருந்தே மதினி தினமும் சாயங்காலம் வந்து, அந்த அம்மா பக்கத்தில் நிற்க, அந்த மாட்டிடம் பீச்சிப் பழகிக்கொண்டிருக்கிறார்.